ஊக்கு சோதனையில் எது பாஸ்? அம்மாவின் பரிசைச் சுற்ற நான் காசு கொடுத்துப் பார்த்தவை

எங்கள் அம்மா பரிசுப் பொட்டலம் பிரிப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த தடவை உள்ளே என்ன வைப்பது என்பதைவிட வெளியே என்ன சுற்றுவது என்றுதான் நீங்கள் கவலைப்படுவீர்கள். கிழிக்கவே மாட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை மடியில் வைத்து, வளையலில் எப்போதும் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, அதன் முனையை செல்லோடேப்புக்கு அடியில் நுழைத்து, தாளில் கீறல் விழாமல் நெம்பி நெம்பி எடுப்பாள். நாம் எதிரில் உட்கார்ந்து "கிழிம்மா, வெறும் பேப்பர்தான்" என்று கத்தினாலும் காதில் விழாது. டேப் வந்ததும் தாளைத் தொடையில் வைத்து நீவி, நாலாக மடித்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்காருவாள். அதற்கு அப்புறம்தான் உள்ளே இருக்கும் பொருளின் பக்கமே பார்வை திரும்பும்.

28 வருஷம் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை பிரித்த கை அது. சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் சர்ரென்று ஒரே இழுப்பில் கழன்று வரும், தப்பான நுனியைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும். அந்த நூலையும் விட மாட்டாள், கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே எட்டு போட்டுச் சுற்றிக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிடுவாள்.

நான் சென்னையில், அம்மா மதுரையில். கடந்த ஒன்றரை வருஷத்தில் பிறந்த நாள், அன்னையர் தினம், பொங்கல், தீபாவளி என்று கொண்டுபோன பரிசுகளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சுற்றிப் பார்த்தேன். எல்லாமே என் சொந்தக் காசு. மதிப்பெண் போட்டது ஊக்குதான்.

முதலில் கடையில் கொடுத்துச் சுற்றியது. பெயர் வேண்டாம், ஒரு மாலில் இருக்கும் பரிசுக் கடை. சின்ன எஃப்.எம். ரேடியோ ஒன்றை வாங்கி, அங்கேயே சுற்றித் தரச் சொன்னேன். சுற்றுவதற்கு மட்டும் 220 ரூபாய். அந்தப் பையனின் கை வேலையைக் குறை சொல்ல முடியாது. மூலைகள் கத்தி மாதிரி நின்றன, தாளில் இருந்த கோடு பின்பக்கம் ஒட்டும் இடத்தில்கூட விலகவில்லை. மேலே தாமரைப் பூ அளவுக்கு ஒரு ரிப்பன் பூவையும் ஒட்டிக் கொடுத்தான். ஆனால் அவன் போட்டது இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பார்க்க வெளியே எதுவும் தெரியாது, அழகுதான், ஆனால் ஊக்கை எங்கே நுழைப்பது? அம்மா கால் மணி நேரம் போராடினாள். தாளோடு மேலே இருந்த நிறமும் உரிந்துகொண்டு வந்தது. ரிப்பன் பூ கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது பூவாக இருந்தது, மாட்டுத்தாவணியில் இறங்கும்போது அப்பளமாக இருந்தது. இது போதாதென்று, விலை ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு அப்படியே வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். ரேடியோ பாடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் "1,450 ரூபாயா? உனக்கென்ன காசு காய்க்கிதா?" என்று ஆரம்பித்துவிட்டாள். அஞ்சுக்கு ஒன்றரை. அந்த அரை மதிப்பெண், மூலைகளுக்காக.

அதே கடையில் கூடையில் பொருட்களை அடுக்கி, வைக்கோல் மாதிரி வெட்டிய காகிதத்தைத் திணித்து, கண்ணாடித் தாள் போர்த்திக் கொடுப்பதும் உண்டு. ஒரு பொங்கலுக்கு வாங்கினேன். பாதிக் கூடை திணிப்புதான், அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

சரி, நாமே சுற்றுவோம் என்று பாரிமுனைக்குப் போனேன். காகிதம் என்றால் ஆண்டர்சன் தெருதான், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிற கூட்டத்துக்கு நடுவே புகுந்து போனால் எந்தத் தாளும் கிடைக்கும். தடவிப் பார்த்து எடுக்க விடுவார்கள். ஒன்று கவனியுங்கள்: பளபளவென்று மின்னுகிற தாளில் பாதி காகிதமே இல்லை. கையில் நன்றாகக் கசக்கி விட்டுப் பாருங்கள், பந்தாக நின்றால் காகிதம், மெல்ல மெல்ல விரிந்துகொண்டே வந்தால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தாளில் மடிப்பு நிற்காது, மூலை துருத்திக்கொண்டே இருக்கும், பழைய பேப்பர்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார். நான் எடுத்தது கொஞ்சம் கனமான, மங்கலான காகிதம், 50-க்கு 70 சென்டிமீட்டர், ஒரு தாள் 15 ரூபாய்.

அளவுதான் எல்லாரும் சொதப்பும் இடம். பெட்டி 20 நீளம், 12 அகலம், 8 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு சுற்று 40, ஒன்றின் மேல் ஒன்று ஏற 3 சேர்த்து 43. இன்னொரு பக்கம் பெட்டியின் நீளம் 20, இரண்டு முனையிலும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது ஆறு ஆறு, ஆக 32. அவ்வளவுதான் தேவை. எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாக வெட்டினால் முனையில் தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். டேப் ஒட்டும்போது அதன் நுனியைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்துவிட்டு ஒட்டுங்கள். நுனி ஒட்டாமல் நிற்கும், பிடித்து இழுத்தால் வந்துவிடும், ஊக்குக்கே வேலையில்லை. இதைச் செய்த அன்றைக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மடிப்பை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

டேப்பை இவ்வளவு திட்டுகிறேனே, அது அப்படியொன்றும் பழைய சங்கதி இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் கண்ணாடி மாதிரி இருக்கும் டேப்பைக் கொண்டுவந்தது 1930-ல். பூப்போட்ட பரிசுத் தாளின் கதை அதற்கும் கொஞ்சம் முன்னால். 1917-ல் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் (பிற்பாடு ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டைக் கம்பெனி ஆன கடைதான்) பரிசு சுற்றுகிற மெல்லிய தாள் தீர்ந்துபோக, உறைகளின் உள்பக்கம் ஒட்டுவதற்காக வைத்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து வைத்தார்கள், அது மளமளவென்று விற்றுப்போனது. ஸ்டாக் தீர்ந்த ஒரு நாளில் கையில் தட்டுப்பட்டதை எடுத்து வைத்ததைத்தான் நாம் இன்றைக்கு 220 ரூபாய் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

காகிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பரிசுத் தாளே இல்லை, பிரவுன் ஷீட். ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போடுவோமே, அதேதான். அம்மாவுக்கு ஒரு கெட்டி அட்டை டைரி வாங்கியிருந்தேன், வீட்டுக் கணக்கு எழுத. அதை நோட்டுக்கு அட்டை போடுகிற மாதிரியே டேப் இல்லாமல் மடித்துப் போட்டு, முன்னால் லேபிள் ஒட்டி, பெயர் என்ற இடத்தில் அம்மா பெயர், வகுப்பு என்ற இடத்தில் 'எல்லா வகுப்பும்', பாடம் என்ற இடத்தில் 'கணக்கு', பள்ளி என்ற இடத்தில் அவள் வேலை பார்த்த பள்ளியின் பெயர் எல்லாம் எழுதிக் கொண்டுபோனேன். லேபிளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே திருப்பிப் பார்த்து, "முதுகுப் பக்கம் மேலேயும் கீழேயும் வி மாதிரி வெட்டி உள்ளே தள்ளாம அப்படியே மடிச்சா தடிக்கத்தான் செய்யும். பத்து வருஷம் உனக்கு அட்டை போட்டேனே, என்னத்த பார்த்தே?" என்றாள். அங்கேயே கழற்றி, கத்தரிக்கோல் எடுத்துவரச் சொல்லி, தானே மறுபடி போட்டுக்கொண்டாள். தன் பரிசைத் தானே சுற்றிய ஒரே ஆள் எங்கள் அம்மாவாகத்தான் இருப்பாள். செலவு தாளும் லேபிளும் சேர்த்து 12 ரூபாய், அஞ்சுக்கு நாலரை. கிழிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதால் ஊக்கு சோதனையில் நூற்றுக்கு நூறு.

இந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தலை வீங்கிவிட்டது. அடுத்தது மூக்குத்தி. பொருள் சின்னது, பெட்டி தீப்பெட்டி அளவு. பூப்பொட்டலம் மாதிரி கொடுத்தால் என்ன என்று தோன்றியது. விடிகாலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி, வீட்டுத் தெருமுனையில் பூ கட்டும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாமரை இலை ஒன்றை எடுத்து, தண்ணீரில் ஒரு உதறு உதறி, நகைப்பெட்டியை நடுவில் வைத்து, மேலே ஒரு கை மல்லிகையைப் போட்டு, நாலு பக்கமும் மடக்கி, வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி நுனியைச் செருகிவிட்டார். அஞ்சு வினாடி கூட இருக்காது. மாலில் பார்த்த வேலையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பூவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், சுற்றுவதற்கெல்லாம் ஏது காசு என்று சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அங்கேதான் தப்பு. பூப்பொட்டலத்தைக் கையில் வாங்கிய மதுரைக்காரி என்ன செய்வாள்? நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை நான் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருக்கிறேன், அவள் பாட்டுக்கு சட்னி அரைக்கிறாள், சீரியல் பார்க்கிறாள். ஆறு மணிக்கு விளக்கேற்றப் பூவை எடுத்தபோதுதான் பொட்டலத்துக்குள்ளிருந்து பெட்டி விழுந்தது. அட்டைப் பெட்டி ஈரத்தில் ஊறி, உள்ளே இருந்த வெல்வெட்டின் சிவப்பு சாயம் பஞ்சு முழுக்க இறங்கியிருந்தது. மூக்குத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. "இதுக்குள்ள தங்கத்தை வச்சுட்டு வாயத் தொறந்து சொல்ல மாட்டியா, பூவோட சேர்த்துக் குப்பையில போயிருந்தா?" என்று அன்றைக்கு முழுக்க அர்ச்சனை. யாராவது செய்வதாக இருந்தால் பெட்டியை முதலில் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக்கொள்ளுங்கள், கொடுத்த கையோடு பிரிக்கச் சொல்லுங்கள். அழகுக்கு அஞ்சுக்கு அஞ்சு, என் புத்திக்கு ரெண்டு.

இதற்கு நடுவில் மஞ்சப்பையும் முயன்றேன். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்து, 10 ரூபாய் போட்டால் பை விழுகிற இயந்திரமெல்லாம் கோயம்பேடு மார்க்கெட்டில் வைத்தார்களே, அந்தப் பை. துணி நல்ல துணி. ஆனால் அம்மா அதைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி "யார் வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வர்றே?" பைக்குள் தேங்காயைத் தேடினாள். பரிசு என்று நம்ப வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓலைக் கொட்டானுக்கு வருகிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வாங்கினேன். பனங்குருத்தை வகிர்ந்து, சாயம் ஏற்றி, கையால் முடைந்த பெட்டி. செட்டிநாட்டில் சீர் பொருட்கள் வைத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு, புவிசார் குறியீடும் வாங்கியது. என்னுடையது சிவப்பும் பச்சையும் கலந்த, மூடி போட்ட சின்னது, 350 ரூபாய். உள்ளே ஒரு ஜோடி வெள்ளிக் குங்குமச் சிமிழை வைத்து, ஒரு டேப் இல்லை, ஒரு நூல் இல்லை, மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மா முதலில் மூடியைத் திறக்கவே இல்லை. அடியைத் திருப்பிப் பார்த்தாள், எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறார்கள் என்று விரலால் தடவித் தேடினாள். "நுனியையே காட்டலையே, கெட்டிக்காரிதான்" என்று முகம் தெரியாத ஒருத்திக்குப் பாராட்டு. சிமிழ் இப்போது பீரோ லாக்கரில் இருக்கிறது, கொட்டான் சாமி அலமாரியில் திரி, சூடம், தீப்பெட்டியோடு தினமும் கைபடுகிற இடத்தில் இருக்கிறது. குறை என்று பார்த்தால் விலைதான், அப்புறம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும், மேலே பெரிய பெட்டி ஒன்று ஏறினால் நசுங்கிவிடும். ஈரமும் ஆகாது. நாலே முக்கால்.

ஆனால் முதலிடம் இதற்கும் இல்லை, ஜாக்கெட் பிட்டுக்கு.

துணியில் பரிசு சுற்றுவது என்றால் இணையத்தில் எல்லாரும் ஜப்பானின் ஃபுரோஷிகியைக் காட்டுகிறார்கள். சதுரத் துணியில் பொருளை வைத்து முடிந்து கொடுப்பது. குளிக்கப் போகும்போது துணிமணியைக் கட்டிக்கொண்டு போய் அங்கே விரித்துப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர், குளியல் விரிப்பு என்று அர்த்தம். 2006-ல் அங்கே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக இதைத் தூக்கிப் பிடித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெயரில் ஆன்லைனில் விற்கும் துணியின் விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். நம் வீட்டில் இல்லாத துணியா? காசை முந்தானையில் முடிந்து வைத்தவர்கள்தானே நம் பாட்டிகள்.

ஜாக்கெட் பிட் என்பது 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை கிட்டத்தட்ட சதுரமாகவே வருகிறது. சுற்றுவதற்குத் துணியின் குறுக்களவு, அதாவது மூலைக்கு மூலை, பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 80-க்கு 80 துணியில் மூலைக்கு மூலை 113 வரும், ஆக ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவான பொருள்வரை தாராளமாக அடங்கும். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கத்தரிப்பூ நிறத்தில் சுங்குடி பிட் எடுத்தேன், 140 ரூபாய். அந்த விலைக்கு அது அச்சுச் சுங்குடிதான், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் இல்லை. அசலில் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாக எழும்பி நிற்கும். சௌராஷ்டிரர்கள் மதுரையில் செய்துவரும் வேலை, 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் காரியத்துக்கு அச்சு போதும். பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்துவிடும்.

உள்ளே வைத்தது மின்சார வெந்நீர்ப் பை, முதுகு வலிக்கு. துணியை மேஜையில் சாய்சதுரமாக விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, கீழ் மூலையை மேலே போர்த்தி, மேல் மூலையை அதன்மேல் கொண்டுவந்து அடியில் செருகி, இடமும் வலமும் மிஞ்சிய இரண்டு மூலைகளை மேலே இழுத்து ஒரு முடிச்சு. முதல் சுற்றில் வலது மேலே வந்தால் இரண்டாவது சுற்றில் இடது மேலே வர வேண்டும், அப்போதுதான் முடிச்சு படுத்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் குறுக்கே திரும்பிக்கொண்டு பார்க்கவே அசிங்கமாக இருக்கும். முடிச்சில் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினேன். இந்தத் தடவை பெட்டி பூவுக்குள் இல்லை.

அம்மா பொட்டலத்தைப் பார்த்ததும் வளையலுக்குக் கை போனது, போன கை அப்படியே நின்றது. முடிச்சை இரண்டு விரலால் தளர்த்தினாள். துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கரையைப் பார்த்து, முழம் போட்டு அளந்து, "அரைக் கைக்குப் பத்தும்" என்றாள். பீரோவிலிருந்து இரண்டு சேலைகளை எடுத்துத் துணியை வைத்து வைத்துப் பார்த்தாள். வெந்நீர்ப் பை பெட்டிக்குள்ளேயே கிடந்தது, ராத்திரி நான்தான் எடுத்துச் செருகிக் கொடுத்தேன். அஞ்சுக்கு அஞ்சு. அரை மதிப்பெண் கூடுதலாகப் போட வழியிருந்தால் போடுவேன்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஜாக்கெட் பிட்டில் சுற்றி விடாதீர்கள். நவராத்திரிக்கு வந்தது, வளைகாப்பில் வந்தது என்று யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றும் பிட்டுகள் எல்லார் பீரோவிலும் இருக்கும். எந்த பிட் யார் கொடுத்தது, எந்த வருஷம் என்பது அம்மாக்களுக்கு மனப்பாடம். நான் ஒரு தடவை அப்படிச் செய்து, "இது போன வருஷம் நான் உனக்கு வச்சுக் கொடுத்ததுல்ல?" என்று கேட்கப்பட்டேன்.

அந்தக் கத்தரிப்பூ சுங்குடியை இன்னும் தைக்கவில்லை. போன மாதம் ஊரிலிருந்து கிளம்பும்போது இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று மூன்று பாட்டிலை அதே துணியில் கட்டி என் பையில் வைத்திருந்தாள். சென்னைக்கு வந்து பிரிக்கப் பார்க்கிறேன், முடிச்சு அவிழவே இல்லை. நகத்தால் நோண்டினேன், பல்லால் கடித்தேன், இழுக்க இழுக்க இறுகியது. கடைசியில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு போன் போட்டேன்.

"வெட்டினே, கொன்னுருவேன். ரெண்டு நுனியில குட்டையா ஒண்ணு நிக்கும் பாரு. அதைப் பிடிச்சு இழு."

இழுத்தேன். சர்ரென்று அவிழ்ந்துகொண்டது.